கண்டதை மட்டும்

அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை.

வின்னிபெக் நகரைத் தாண்டி மேற்கே போகிற நெடுஞ்சாலையில் மத்தியானத்துக்கு மேல் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். மறைக்க ஒரு மேடு கிடையாது, ஒரு மரக்கூட்டம் கிடையாது. லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொள்கிற இடம் அது. அக்கா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை என்னிடம் உபரியாக இருந்த கண்ணாடியை நீட்டினேன். வாங்கிப் போட்டு, வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதைப் போட்டால் நிறம் எல்லாம் மாறிப்போகுது. பேந்து நான் அவருக்கு என்ன நிறமெண்டு சொல்லுறது?”

அவர் என்றது கணவரை. மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், இரும்புப் படி ஏறிப் போகிற இரண்டாம் மாடி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். பதினைந்து வருடம் மொன்றியலுக்கும் கால்கரிக்கும் இடையே லாரி ஓட்டியவர். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சில் ஒற்றைச் சொற்கள் மட்டும் மிஞ்சின. அதுவரை தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒரு வருடத்துக்குள் லாரி உரிமம் எடுத்தார். அவர் ஓட்டிய அதே கம்பெனியில், அவர் ஓட்டிய அதே பாதையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா பாதையில் இருக்கும் நாட்களில் கணவரின் தங்கை, கீழ்வீட்டில் இருந்தவர், மேலே வந்து பார்த்துக்கொள்வார். அக்கா அவரை மச்சாள் என்பார்.

அக்காவுக்குத் துணை ஓட்டுநராகக் கம்பெனி என்னைப் போட்டது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் இருக்கிற படுக்கையில் தூங்கவேண்டும். லாரி நிற்கக் கூடாது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, அக்காவுக்கு ஐம்பத்தொன்று. நான் நாமக்கல்காரி. எங்கள் ஊரில் லாரி நிற்காத தெரு கிடையாது; ஆனால் ஒரு பெண் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்து நான் பார்த்தது கிடையாது. என் கணவருக்கு இங்கே சாஃப்ட்வேர் வேலை; பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வந்த இடத்தில் எனக்கு வேலை கிடைக்காமல் மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வீம்பில் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். “நீர் சாப்பிட்டனீரோ?” “உம்மட போர்வையை மடியும்.” எங்கள் பக்கத்தில் ‘நீர்’ நாடகத்தில்தான் வரும். முதல் வாரம் முழுவதும் ஏதோ ராஜாவின் சபையில் நிற்கிற மாதிரியே இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு அது பழகிவிட்டது. இப்போது யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.

காலையில் மொன்றியல் நேரம் பத்து மணிக்கு மச்சாள் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, தலையணையை உயர்த்திவைத்துவிட்டுப் போன் செய்வார்; பகலில் இன்னும் இரண்டு மூன்று முறை செய்வார். லாரியின் ஒலிபெருக்கியில் முதலில் அவருடைய மூச்சு கேட்கும். அக்கா ஓட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

“நான்தான். மனிட்டோபாவுக்குள்ள வந்தாச்சு. நாட்டின்ர நடு இதுதான் எண்டு எழுதின பலகை தாண்டிட்டம். வலப்பக்கம் ரயில் போகுது. பெட்டி எண்ணினனான், நூற்றிப் பதினெட்டு. துவக்கத்தில ஒண்டு ரெண்டு தப்பியிருக்கலாம்.”

“ரயில்,” என்பார் அவர்.

“ஓம். வேலிக் கட்டையில ஒரு பருந்து. அடுத்த கட்டையில இன்னொண்டு. வைக்கோல் உருட்டி வைச்சிருக்கு, பச்சை வலை சுத்தி. சில வயலில வெள்ளை வலை.”

அவருக்கு அந்தப் பாதை மனப்பாடம். எந்த மணி நேரத்தில் எந்த இடம் வரும் என்று தெரியும். சரியான நேரம் பார்த்து ஒரு சொல் கேட்பார். “குதிரை?” அது நீல நிறக் களஞ்சியத்துக்கு அப்பால் ஒரு புல்வெளியில் தனியாக மேய்கிற வெள்ளைக் குதிரை. “இண்டைக்கு நிக்கேல்ல. வேலிக் கதவு திறந்து கிடக்கு,” என்பார் அக்கா. சில நாள், “நிக்குது. மற்றப் பக்கம் திரும்பி நிக்குது. முகம் தெரியேல்ல.” “பாலம்?” “நிக்குது. கீழ தண்ணி குறைவு.” “வெங்காயம்?” அது வயலின் நடுவே வெங்காயம் போன்ற கூரையோடு நிற்கிற பழைய மரத் தேவாலயம். “நிக்குது. ஒரு ஜன்னல் பலகை விழுந்திட்டுது.”

பின்னால் படுத்தபடி நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு ஜூலையில் ஆளிவிதைப் பயிர் பூத்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் நீலம். என்னால் பொறுக்க முடியவில்லை. “கடல் மாதிரி இருக்குன்னு சொல்லுங்க அக்கா!” என்று கத்தினேன்.

அக்கா சொன்னார்: “நீலம். ஆளிவிதை. பாதிதான் பூத்திருக்கு. ரோட்டுக் கரையில இன்னும் பச்சை.”

போனை வைத்த பிறகு என்னிடம் திரும்பாமலே சொன்னார்: “கடல் மாதிரி எண்டால் அவர் கடலை நினைப்பார். இஞ்ச இருக்கிறது வயல்.”

மூன்று வருடத்தில் அக்கா ‘மாதிரி’ என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளை உப்பு ஏரிகள் வரும். பனி என்று நினைப்போம். “உப்பு. கரை மண்ணிறம்,” என்பார். மாட்டு மந்தையைக் கடந்தால், “பன்னிரண்டு. ஒண்டு மற்றதுக்குப் பின்னால மறைஞ்சு நிண்டிருக்கலாம்,” என்பார்.

இந்தக் குணம் ரோட்டோடு நிற்கவில்லை. மனிட்டோபாவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையில் உரிமையாளர் அம்மாள் எல்லா மேசைக்கும் வந்து எப்படி இருந்தது என்று கேட்பார். எல்லோரும் அருமை என்போம். அக்கா, “ஆப்பிள் பையில் அடி மாவு வேகவில்லை,” என்றார். அந்த அம்மாள் முகம் சுருங்கிப் போய்விட்டது. மொன்றியலில் அவர்களுடைய கோயிலில் ஒரு மாதா சொரூபம் கண்ணீர் விடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தார்களாம். கிட்டப் போய்ப் பார்த்த அக்கா, கூரையைக் காட்டி, “அங்க ஒழுகுது,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டன. “எனக்கும் அழுகை வந்ததுதான். ஆனால் தண்ணி கூரையால வந்தது,” என்றார் என்னிடம்.

அவர் கணவரை ஒருமுறைதான் நேரில் பார்த்தேன், உயிரோடு இருக்கும்போது. அக்கா சமையலறையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். மெலிந்த, பெரிய கண்கள் உள்ள மனிதர். என்னைப் பார்த்து, “மழை?” என்றார். முந்தைய வாரம் சஸ்காச்சுவானில் நாங்கள் கண்ட மழையைக் கேட்கிறார் என்று புரிந்தது. நான் உற்சாகமாகிவிட்டேன். வானம் கறுத்து வந்தது, மின்னல் மின்னியது, தூரத்தில் மழை ஒரு திரைச்சீலை மாதிரி ஆடியது, வானவில் இரண்டு வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

அக்கா கோப்பையோடு வந்து வாசலில் நின்றார். “வானவில் ஒண்டு. இரண்டாவது இல்லை.”

அவர் என்னைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

அந்தப் பாதையில் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு கோபுரம். கோபுரம் என்று அவர் சொன்னது, ரயில் பாதையோரத்தில் தானியம் கொட்டிவைக்கிற மரக் களஞ்சியத்தை. சஸ்காச்சுவானில் இருபது வீடுகூட இல்லாத ஒரு ஊரில், ஐந்து மாடி உயரத்துக்குச் சிவப்புச் சாயம் மங்கி அது நிற்கும். தொலைவில் ஒரு குச்சியாகத் தெரிய ஆரம்பித்து, கால் மணி நேரம் கழித்துத்தான் பக்கத்தில் வரும். பதினைந்து வருடமும் அதன் நிழலில் லாரியை நிறுத்தித்தான் அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு பயணத்திலும் கேட்பார். ஒவ்வொரு பயணத்திலும் அக்கா, “நிக்குது,” என்பார். அவர் மூச்சு விடுவது கேட்கும்.

ஒரு ஜூன் மாதம் நாங்கள் அந்த ஊரை நெருங்கியபோது குச்சி தெரியவில்லை. அக்கா வேகத்தைக் குறைத்தார். கிட்டப் போனதும் லாரியை ஓரமாக நிறுத்தினார். பலகைகள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மஞ்சள் இயந்திரம். இருவரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். காற்றில் பழைய கோதுமைத் தூசு பறந்தது.

போன் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

“அக்கா, சொல்லிடாதீங்க,” என்றேன். “நிக்குதுன்னு சொல்லிடுங்க. அவர் என்ன வந்து பாக்கவா போறார்?”

அக்கா ஏறி லாரியைக் கிளப்பினார். போன் வந்தது. வழக்கம்போல ரயிலைச் சொன்னார், பருந்தைச் சொன்னார். அவர், “கோபுரம்?” என்றார்.

“இல்லை. இடிச்சுப் போட்டாங்கள்.”

 மூச்சுகூடக் கேட்கவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்தேன். பிறகு அவர் கேட்டார்: “எல்லாம்?”

“எல்லாம் இல்லை. அத்திவாரம் நிக்குது, சீமெந்து. பக்கத்தில கணக்கு எழுதின கந்தோர்க் கொட்டில் நிக்குது. கதவு பச்சை.”

“பச்சை,” என்றார் அவர்.

“ஓம். பச்சை. பூட்டிக் கிடக்கு.”

அன்று முழுவதும் நான் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் அக்காவே ஆரம்பித்தார்.

“உமக்குக் கோபம்.”

“ஆமா. ஒரு சொல்லு அக்கா. ஒரே ஒரு பொய். அதனால யாருக்கு என்ன கெட்டுப்போயிடும்?”

“அவருக்கு எழும்பி வந்து பாக்கேலாது. நான் சொன்னால் இருக்கு, சொல்லாட்டி இல்லை. நாளைக்கு நான் குதிரை நிக்குது எண்டு சொல்லேக்க, இது மெய்யோ, எனக்காகச் சொல்லுறாளோ எண்டு அவர் யோசிச்சால், பேந்து அந்த மனுசனுக்கு என்ன மிச்சம்?”

 மனதுக்குள், இந்தப் பொம்பளைக்கு ஈரமே இல்லை என்று நினைத்தேன். அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வருடம் செப்டம்பரில் அது நடந்தது. அறுவடைக் காலம். ரெஜைனாவுக்கு மேற்கே நேர்கோடு போட்ட மாதிரியான சாலை. மத்தியானம் மூன்று மணி. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தூங்கி எழுந்து பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். நாமக்கல்லில் இருந்து என் தங்கை மூன்று புடவைப் படங்கள் அனுப்பியிருந்தாள். அவள் கொழுந்தன் கல்யாணத்துக்கு எதைக் கட்டலாம் என்று கேட்டு. போன் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது புடவை அரக்கு நிறம், பச்சைக் கரை.

அக்கா கத்தியது கேட்டது. நிமிர்ந்தபோது முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னே தானியம் ஏற்றிய வண்டி, சாலை ஓரமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கில் முழு உடம்பையும் அழுத்தினேன். லாரியின் வலது முனை வண்டியின் இடது மூலையில் இடித்தது. வண்டி திரும்ப, டிராக்டரும் சேர்ந்து பள்ளத்தில் சரிந்தது. கோதுமை சாலை முழுவதும் கொட்டியது.

பள்ளத்துப் புல்லில் ஒரு பெரியவர் கிடந்தார். எழுபது வயது இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஓடிப் போய் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா லாரிக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகைகளை வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார்.

“போலீஸ் வந்து கேப்பாங்கள். நீரே சொல்லும்,” என்றார்.

“எதை அக்கா?”

“நடந்ததை.”

ஆம்புலன்ஸ் பெரியவரை ஏற்றிக்கொண்டு போனது. இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார்.  உரிமம் போகும், வேலை போகும், ஜெயில்கூட வரலாம் என்று தலைக்குள் ஓடியது. “அவர் திடீரென்று என் பாதைக்குள் திரும்பிவிட்டார்,” என்றேன்.

போலீஸ்காரர் அக்காவிடம் திரும்பினார். “நீங்கள் பார்த்தீர்களா?”

அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அதட்டுகிற பார்வை இல்லை. காத்திருந்தார். நான் வாய் திறப்பதற்கு வேண்டிய நேரம் தந்தார். நான் சாலையில் கிடந்த கோதுமையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பெரியவர் ஓரத்தில்தான் போனார்,” என்று அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். “இவர் போன் பார்த்தார். இரண்டு விநாடி.”

முழு வாக்குமூலம் எழுதப் போலீஸ்காரர் அவரைத் தன் காருக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிக்கு உள்ளே அக்காவின் வாய் அசைவது தெரிந்தது. அவர் வெகு நேரம் பேசினார். இன்னும் என்னவெல்லாம் சொல்லித் தொலைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி எங்களை விமானத்தில் மொன்றியலுக்குத் திருப்பி அனுப்பியது. பெட்டி வருகிற இடத்தில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். “மூணு வருசம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். என்னைக் காட்டிக் கொடுத்துட்டீங்கல்ல?”

“உம்மைத்தான் முதல்ல சொல்லச் சொன்னனான்,” என்றார்.  கண் சிவந்திருந்தது. அதை நான் அப்போது பார்த்தேன். பார்த்தும் திரும்பி நடந்தேன்.

வேலை போயிற்று. லாரி உரிமத்தை இரண்டு வருடம் பிடித்துவைத்தார்கள். முதலில் சொன்ன பெரிய குற்றச்சாட்டு பிறகு சிறியதாகிவிட்டது. வாக்குமூலத்தில் உனக்குச் சாதகமாக ஏதோ இருக்கிறது என்றார் வக்கீல். எனக்கு அந்த வாக்குமூலத்தைப் பற்றிக் கேட்கவே பிடிக்கவில்லை. அக்கா மூன்று முறை போன் செய்தார்; நான் எடுக்கவில்லை. ஒருமுறை குரலைப் பதிந்து வைத்திருந்தார்: “நான்தான். பெரியவருக்கு ஒப்பரேசன் முடிஞ்சுது. தடி ஊண்டி நடக்கிறாராம். உமக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்.”

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரிகள் வரும், போகும். வாசலில் நின்று தாள்களைச் சரிபார்க்கவேண்டும். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மேற்கிலிருந்து வந்த லாரி என்றால் எனக்குத் தெரிந்துவிடும். முன் கம்பிகளில் அந்தப் பக்கத்துப் பூச்சிகள் அப்பியிருக்கும், சில நேரம் ஒரு மஞ்சள் பூ காய்ந்து ஒட்டியிருக்கும். ஓட்டுநர்களிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். “என்ன இருக்கு அங்கே? ஒன்றும் இல்லை. வெறும் வெளி,” என்பார்கள். எனக்கு அழுகை வரும். மூன்று வருடம் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பருந்துகளும் பெட்டிகளும் எங்கே போயின? அந்த வெளியை நான் என் கண்ணால் பார்த்ததைவிடப் பின்னால் படுத்துக்கொண்டு அக்காவின் குரலில் பார்த்ததுதான் அதிகம் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

விபத்து நடந்து மூன்றாவது குளிர்காலத்தில் அக்காவின் கணவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அக்கா என்னைக் கண்டு, “வந்தனீரோ,” என்றார். அவ்வளவுதான். ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வெளியே வரும்போது மச்சாள் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். அவருக்கு யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

“கடைசி நாள் அண்ணை கண் முழிச்சு, ‘குதிரை’ எண்டு கேட்டவர். இவள் பக்கத்திலதான் இருக்கிறாள். என்ன சொன்னவள் தெரியுமோ? ‘நான் இஞ்ச உங்களோட இருக்கிறன், ரோட்டில இல்லை. நிக்குதோ எண்டு தெரியேல்ல’ எண்டாள். சாகிற மனுசனுக்கு ஒரு ‘ஓம்’ சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்?”

“அவர் என்ன செஞ்சார்?”

மச்சாள் கண்ணைத் துடைத்தார். “சிரிச்சவர். அதுதான் எனக்கு விளங்கேல்ல. சந்தோசமாச் சிரிச்சவர்.”

அதற்கப்புறமும் நான் போன் செய்யவில்லை. செய்யலாம், செய்யலாம் என்று ஒரு வருடம் போனது. அடுத்த குளிர்காலத்தில் மச்சாளிடமிருந்துதான் போன் வந்தது. அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய், வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா பாதியாகிப்போய் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், பனி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் மகளைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு இப்போது தமிழைவிட பிரெஞ்சு சரளம் என்றேன். பிறகு எனக்குத் தாங்கவில்லை.

“அக்கா, போலீஸ்கிட்ட இன்னும் என்ன சொன்னீங்க அன்னைக்கு?”

“எல்லாம்தான். நீர் முதல்ல ஓடிப்போய் அந்த மனுசனைத் தூக்கினது. தலையை மடியில வைச்சிருந்தது. மூண்டு வருசத்தில நீர் வண்டி ஓடேக்க போனைத் தொட்டு நான் கண்டது அண்டைக்கு ஒருக்காத்தான் எண்டது.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபடியே சொல்லிவிட்டேன்: “அது நிஜம் இல்ல அக்கா. நீங்க பின்னாடி தூங்கும்போது நான் நிறைய தடவை பாத்திருக்கேன்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

“அது நான் காணேல்ல,” என்றார்.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவரும் சிரித்தார், சிரித்தபோது வலித்து முகம் சுளித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: “அந்தப் பெரியவரைப் போய்ப் பாத்தனீரோ?”

“இல்ல.”

“போய்ப் பாரும்.”

ஏப்ரலில் அக்கா போய்விட்டார். நான் செப்டம்பரில் விடுப்பு எடுத்து, என் சிறிய காரில் மேற்கே கிளம்பினேன். கணவரும் மகளும் வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். நான்காம் நாள் சமவெளி வந்தது. எல்லாம் இருந்தன. குட்டைகளில் வாத்துகள், வேலியில் பருந்துகள், கூரை இடிந்த வீடுகள், தலையாட்டிக்கொண்டு எண்ணெய் இறைக்கிற இயந்திரங்கள், வாசலில் கழுதை கட்டிய ஒரு பெட்ரோல் கடை. வாயில் சொற்கள் வந்து நின்றன. சொல்ல ஆள் இல்லை. சில இடங்களில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரின் பண்ணை வழியை அந்த ஊர்த் தபால் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தடி ஊன்றியபடி அவரே கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். வாசலில் நின்றபடியே, மூச்சு விடாமல், அன்று நான் போன் பார்த்ததையும், அவர் மேல் பழி போட்டதையும் சொல்லி முடித்தேன்.

“தெரியும்,” என்றார். “உள்ளே வா.”

சமையலறையில் அவர் மனைவி காப்பி வைத்தார். பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். “உன் தோழி உன்னை மட்டும்தான் மாட்டிவிட்டாள் என்று நினைக்கிறாயா? மெதுவாகப் போகிற வண்டிக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சு முக்கோணம் மாட்டவேண்டும். என் வண்டியில் அது இல்லை. கழன்று விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதையும் போலீஸிடம் சொல்லிவிட்டாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவனுக்கு அபராதச் சீட்டு வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தேடிப்போய் அடிக்கலாம் போல இருந்தது. அப்போது அவளே வந்தாள்.”

“இங்கேயா?”

“ஒவ்வொரு இலையுதிர் காலமும். லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வருவாள். அந்த நாற்காலியில் உட்காருவாள்.”

“என் காப்பியில் திடம் போதாது என்று சொல்லுவாள்,” என்றார் அவர் மனைவி அடுப்படியிலிருந்து. “இப்போது ஒரு கரண்டி கூடப் போடுகிறேன். போன வருடம் வரவில்லை. இந்த வருடமும் காணோம்.”

சொல்லவேண்டியிருந்தது. ஏப்ரலில் இறந்துவிட்டார் என்றேன். அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். 

“கஷ்டப்பட்டாளா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

“கஷ்டப்பட்டார்,” என்றேன். “கடைசி இரண்டு வாரம் வலி அதிகம். மருந்து கொடுத்தால் கொஞ்ச நேரம் தூங்குவார். கடைசி நாள் நான் அங்கே இல்லை. அதனால் தெரியாது.”

பெரியவர் தலையை அசைத்தார். அவர் மனைவி வந்து மூன்று கோப்பைகளிலும் காப்பியை ஊற்றினார். சூடாக இருந்தது. திடம் இன்னும் கொஞ்சம் போதவில்லை. சொன்னேன்.